தமாம் வீட்டு முறை

காப்பிச் செடியைப் பற்றித் தமாமிடம் வாய் கொடுத்தால் பொழுது சாயும்வரை விடமாட்டார். எந்த மரத்து நிழலில் வைத்தால் பழம் மெதுவாகப் பழுத்துக் கனக்கும், எந்தச் சரிவில் பனி இறங்கிப் பூவைக் கருக்கும், குரங்குக் கூட்டம் எந்தச் செடியை முதலில் தேடி வரும், எல்லாம் சொல்லுவார். அதே மனுஷரிடம் கொட்டையை எப்படி வறுப்பது என்று கேட்டுப் பாருங்கள். "அது உள்ள நடக்கிற சோலி" என்று போர்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார். அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. எத்தியோப்பியாவில் எங்கள் ஜிம்மாப் பக்கத்து ஆம்பிளைகள் எல்லாருமே இந்த லட்சணம்தான். நடுவார்கள், பறிப்பார்கள், உலர்த்துவார்கள், மூட்டை கட்டுவார்கள். அடுப்பில் வறுக்கிற ஓடு ஏறிவிட்டால் கிண்ணம் கைக்கு வரும்வரை சப்பணம் போட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

தமாமின் மனைவி லுபாபா இருந்தவரை இதில் ஒரு குறையும் தெரியவில்லை.

அகாரோவுக்கு மேலே அந்தக் குன்றில் மொத்தம் ஐந்து வீடுகள். ஒரு நாளைக்கு ஒரு வீடு என்று காப்பி முறை சுற்றிச் சுற்றி வரும். மதியத் தொழுகை முடிந்ததும் அன்றைய முறைக்காரர் வீட்டில் ஓடு ஏறும். வறுக்கிற வாசனை வேலியைத் தாண்டினால் அதுதான் அழைப்பு, வேறே யாரும் போய்க் கூப்பிட வேண்டாம். வாசனை வந்தும் போகாமல் இருந்தால் அந்த வீட்டோடு பகை என்று அர்த்தம். அப்போதே வறுத்து, புகையை எல்லார் முகத்துக்கும் காட்டி, உரலில் இடித்து, மண்கூஜாவில் கொதிக்க வைத்து, உப்பு ஒரு சிட்டிகை போட்டு, மூன்று சுற்று ஊற்றுவார்கள். காலையில் வறுத்ததை மாலையில் குடிக்கிறவனை நாங்கள் மனுஷக் கணக்கில் சேர்ப்பதில்லை. கல்யாணப் பேச்சு, வேலித் தகராறு, காணாமல் போன மாடு, எல்லாவற்றுக்கும் அந்த மூன்று சுற்றுக்குள்தான் தீர்ப்பு.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் லுபாபா காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தாள். பெண்மக்கள் இரண்டு பேரும் தூரத்தில் வாக்கப்பட்டவர்கள். வந்தார்கள், அழுதார்கள், போனார்கள். துக்க நாட்களில் அக்கம்பக்கத்துப் பெண்களே அந்த வீட்டில் வறுத்து ஊற்றினார்கள். அதற்கப்புறம் முறை மறுபடி சுற்ற ஆரம்பித்தது. பக்கத்து மெரீமா வீட்டுக்கு அடுத்தது தமாம் வீடு. அன்றைக்கு அவர் வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டில், ஸித்தினா வீட்டில், வாசனை கிளம்பியது. பாவம், ஒண்டி ஆள், என்ன செய்வார் என்று அனுசரணையாகச் செய்ததுதான். ஆனால் தமாமுக்கு நெஞ்சில் முள் தைத்தது. போனார், குடித்தார், துஆவுக்குக் கை ஏந்தினார். நாலு வீட்டுக் காப்பியைக் குடித்துவிட்டு ஒருத்தருக்கும் ஊற்றாத மனுஷன் ஆகிவிட்டோமே என்று வீடு திரும்பும்போது வெட்கம் பிடுங்கித் தின்றது.

அண்ணன் ரெஷாதுக்கு இதற்கு ஒரே ஒரு வைத்தியம்தான் தெரியும். அடிவாரத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் ஏறி வந்து அதையே சொல்லுவார்.

"ஏண்டா, அந்த நூரிது நல்ல பொம்பளைடா. புருஷன் போயி ரொம்ப நாளாச்சு. கைமணம் வேற. பேசி முடிச்சிரவா?"

"எனக்கெதுக்குண்ணே இந்த வயசுல?"

"வயசு கிடக்குது. உன் வீட்டு ஓடு குளுந்துபோயிக் கிடக்கே, அதுக்குச் சொல்றேன். வாசனை வராத வீட்டை எவன்டா எட்டிப் பார்ப்பான்? நாளைக்கு நீ செத்துக் கிடந்தாக்கூட நாத்தம் அடிச்சாத்தான் தெரியும்."

"வந்ததுக்கு நல்ல வார்த்தையா ஒண்ணு சொல்லேண்ணே."

"நல்ல வார்த்தையெல்லாம் நூரிது சொல்லுவா. அறுவடை முடிஞ்சு மூட்டை கட்டினதும் உன்னை வண்டியில ஏத்திக்கிட்டு அவ வீட்டுக்குப் போறேன். அதுக்குள்ள வேற வழி தோணுச்சுன்னா சொல்லு, கேட்டுக்கிறேன்."

நூரிதுவைத் தமாம் ஒரு குறையும் சொல்லமாட்டார். ஆனால் லுபாபா உட்கார்ந்த முக்காலியில் இன்னொருத்தி உட்கார்ந்து வறுப்பதை நினைத்துப் பார்க்கவே மனம் ஒப்பவில்லை. காப்பி ஊற்ற ஆள் வேண்டுமென்று ஒருத்தியைக் கட்டிக்கொண்டு வருவது அவளுக்கும் மரியாதை இல்லை என்று பட்டது. அப்படியானால் மிச்சம் இருப்பது ஒரு வழிதான்: தானே வறுப்பது. நினைத்ததுமே காது சுட்டது. ஆம்பிளை ஓட்டுக்கு முன்னால் குந்தினான் என்று தெரிந்தால் அகாரோ சந்தை வரைக்கும் சிரிப்பார்களே.

அதனால் திருட்டுத்தனமாக ஆரம்பித்தார். அறுவடைக் காலம், முற்பகலில் எல்லாரும் தோட்டத்தில் இருப்பார்கள். உலர்த்துகிற பரணில் முதலில் காய்ந்த பழங்களைக் காதருகே குலுக்கிப் பார்த்து, கடித்துப் பார்த்து, அதிலும் பொறுக்கி எடுத்தார். இந்த வருஷத்துப் புதுசு. அதைவிட உசத்தி ஏது? வீட்டுக்குக் கொண்டுவந்து தோலைக் குத்தி நீக்கினார். கதவைச் சாத்தினார், ஜன்னலையும் சாத்தினார். கதவைச் சாத்தினால் வாசனை உள்ளேயே உட்கார்ந்திருக்கும் என்று நம்பினாரே, அந்தப் புத்தியை என்னவென்று சொல்ல!

அடுப்பில் விறகைத் திணித்து ஓட்டை ஏற்றிக் கொட்டையைக் கொட்டினார். கொஞ்ச நேரத்தில் வீடு முழுக்கப் புகை. இருமிக்கொண்டே இறக்கிப் பார்த்தால் வெளியே கரி, உடைத்தால் உள்ளே பச்சை. ஆனாலும் விடாமல் இடித்து, கொதிக்க வைத்து, ஒரு வாய் குடித்தார். மாட்டுக் கொம்பை எரித்துக் கரைத்த மாதிரி இருந்தது. கொல்லைப்பக்கம் கொட்டி மண்ணைத் தள்ளி மூடினார்.

மறுநாளும் அதே கதை, அதற்கடுத்த நாளும் அதே கதை. ஒருநாள் ரெஷாது வந்து மூக்கை உறிஞ்சினார்.

"என்னடா கருகுது?"

"குப்பையை எரிச்சேண்ணே."

"வீட்டுக்குள்ளயா?"

தமாம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

அக்கம்பக்கத்தில் மட்டும் ஒருத்தர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. நல்லவேளை, யாருக்கும் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டார். அப்படி இருக்கும்போதுதான் வேலிக்கு அந்தப்புறத்திலிருந்து மெரீமாவின் குரல் வந்தது. மகள் ஹாவாவைத் திட்டிக்கொண்டிருந்தாள். மெரீமா மெதுவாகப் பேசினாலே பள்ளத்தாக்கு திருப்பிச் சொல்லும்.

"ஏண்டி, தீயை இப்படியா எரிய விடுவே? ஆடா சுடுறே? தணல் போதும்டி! கையை நிறுத்தாம கிளறு. நிறுத்தினியோ, அடியில கிடக்கிறது கரியும், மேல கிடக்கிறது பச்சையா முழிக்கும்."

"நான் எங்கம்மா வறுத்தேன்? துணில்ல துவைச்சுக்கிட்டிருக்கேன்."

"எதுத்துப் பேசாதடி! கழுவினியா முதல்ல? கொட்டையைக் கழுவித் தேய்ச்சா மேல் உமி போகும். போகலைன்னா அதுதான் முதல்ல தீஞ்சு நாறும்."

"துணியையாம்மா?"

"வாயை மூடு!"

பொறுப்பில்லாத பெண் போலிருக்கிறது என்று தமாம் ஹாவாவுக்காக வருத்தப்பட்டார். அப்புறம் விறகை வெளியே இழுத்துத் தணலாக்கினார். கழுவித் தேய்த்தார். அன்றைக்குக் கரி குறைந்தது. ஆனாலும் நிறம் ஒன்றுபோல் ஏறவில்லை, குடித்தால் ஈரப் புல்லை மென்ற மாதிரி ஒரு பச்சை வாடை.

ஒரு நாள் விட்டு மெரீமா மறுபடி ஆரம்பித்தாள்.

"யாராவது இந்த வருஷக் கொட்டையைக் காப்பிக்குத் தொடுவாளாடி? விக்கிறதுக்கு வேணா அது புதுசு. ஓட்டுக்கு அது பச்சைப்புள்ளை. தோலோட சில மாசம் கிடந்து அடங்கினாத்தான் ருசி வரும். போன வருஷத்துதை எடு. அதான் பானை நிறைய வச்சிருக்காளே புண்ணியவதி!"

"யாரும்மா?"

"நீதான்டி, வேற யாரு!"

தமாமின் கையிலிருந்து அகப்பை நழுவியது. ஹாவாவுக்கு ஏது பானை? பானை இருப்பது இங்கே, அவர் வீட்டு மூலையில். அப்படியானால் இவ்வளவு நாளும் சொன்னதெல்லாம் தனக்கா? ஊருக்கே தெரியுமா? ஓடிப்போய் எங்காவது காப்பிக் காட்டுக்குள் ஒளிந்துகொள்ளலாமா என்றிருந்தது.

ஆனால் வெட்கம் ஒருநாளில் அடங்கியது. அடங்காதது அந்தப் பானை. போன வருஷம் பறித்த பழத்தைத் தோலோடு நிரப்பி, வாயில் துணி போட்டு, லுபாபா தன் கையால் முடிச்சுப் போட்டு வைத்தது. வேண்டும்போது வேண்டிய அளவு மட்டும் எடுத்துக் குத்துவாள். கடைசியாக எடுத்துவிட்டுப் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. அவர் வீட்டைப் பெருக்கும்போதுகூட அதைச் சுற்றித்தான் பெருக்குவார். திறந்தால் குறையும், குறைந்தால் ஒருநாள் தீரும், தீர்ந்தால் அவள் வைத்துவிட்டுப் போனது என்று இந்த வீட்டில் என்ன இருக்கும்? அன்று அவர் வறுக்கவில்லை. அடுத்த நாளும் அடுப்புப் பக்கம் போகவில்லை.

மூட்டைகள் கட்டி முடிந்தன. நாளை மதியத்துக்கு மேல் வருகிறேன், நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு தயாராக இரு என்று ரெஷாது ஆள் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் காலையில் தமாம் பானைக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். செடியில் விட்ட பழம் உதிர்ந்து போகும், பானையில் விட்ட கொட்டை உயிர் போய்க் கட்டையாகும். இது அவருக்குத் தெரியாததா? குடிக்கத்தானே வைத்தாள். குறையக் குறைய இந்த வருஷத்துப் பழத்தைப் போட்டு நிரப்பினால் அடுத்த வருஷத்துக்கு ஆகும். அவளும் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

முடிச்சு இறுகிப் போயிருந்தது. கத்தியால் அறுக்க மனம் வரவில்லை. நகத்தால் நெம்பி நெம்பி அவிழ்ப்பதற்குள் மதியத் தொழுகை நேரம் வந்துவிட்டது. தொழுதுவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார். முடிச்சு அவிழ்ந்தது. காய்ந்த பழத்தின் இனிப்பு வாடை முகத்தில் வந்து மோதியதும் பானையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார். சாவு வீட்டில் ஆம்பிளையாக அடக்கி வைத்த அழுகை அத்தனையும் அழுதார்.

அப்புறம் எழுந்து குத்தினார், புடைத்தார், கழுவினார். தணலில் ஓட்டை ஏற்றினார். கதவைச் சாத்த மறந்தே போனார். அகப்பை ஓட்டில் உரசியபோதுதான் அவருக்குப் புரிந்தது, இந்தச் சத்தம் தனக்குத் தெரியும் என்று. இத்தனை வருஷமும் முற்றத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்து கேட்ட சத்தம். முதலில் சரசரவென்று உரசும். அப்புறம் படபடவென்று வெடிக்கும். வெடிப்பு ஓய்ந்து ஒன்றிரண்டு மட்டும் மிச்சம் இருக்கும்போது லுபாபா உள்ளேயிருந்து, "எல்லாரும் வந்தாச்சா?" என்பாள். அந்த நேரத்தில்தான் ஓட்டை இறக்குவாள். கொட்டை வெடித்தது. ஓயத் தொடங்கியது. அவள் கேட்கிற இடம் வந்ததும் தமாம் ஓட்டை இறக்கினார். கொட்டை ஒன்றுபோல் சிவந்து, மினுமினுவென்று இருந்தது.

நிமிர்ந்தால் வாசலில் மெரீமா! கையில் ஒரு கட்டுப் பச்சைப் புல். பின்னாலேயே புருஷன் கமால், ஹாவா, ஸித்தினா, மற்ற வீட்டுக்காரர்கள். மெரீமா காப்பி முறைக்குப் பரப்புகிற மாதிரி தரையில் புல்லைப் பரப்பினாள். எல்லாரும் உட்கார்ந்தார்கள். அகப்பையை ஒளிப்பதா, முகத்தை ஒளிப்பதா என்று தமாமுக்குத் தெரியவில்லை.

"என்ன அண்ணே பார்க்கிறீங்க? புகையைக் காட்டுங்க" என்றாள் மெரீமா.

ஓட்டை ஒவ்வொருத்தர் முன்னாலும் கொண்டுபோனார். கமால் இரண்டு கையாலும் புகையை முகத்துக்கு வாரிக்கொண்டார்.

"இத்தனை நாளும் வாசனை கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு மச்சான். இவதான் ஒருத்தரையும் போகவிடலை."

"போயிருந்தா?" என்று மெரீமா திரும்பினாள். "கரித்தண்ணியைக் குடிச்சிட்டுத் தேனா இருக்குன்னு சொல்லியிருப்பீங்க. அண்ணன் ஆயுசுக்கும் அதையே வறுப்பாரு, நாம ஆயுசுக்கும் அதையே குடிச்சுச் சாகணும்."

"திட்டு வாங்கினது நான்!" என்றாள் ஹாவா. வீடே சிரித்தது. தமாமும் சிரித்துவிட்டார்.

முதல் சுற்று ஊற்றிக்கொண்டிருக்கும்போது மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ரெஷாது உள்ளே வந்து, கூட்டத்தைப் பார்த்து, ஓட்டைப் பார்த்து, தம்பியைப் பார்த்தார். உட்கார்ந்து கிண்ணத்தை வாங்கினார்.

"உப்பு கூடிப்போச்சு" என்றார்.

"அப்ப கிண்ணத்தைக் குடுங்க" என்று மெரீமா கை நீட்டினாள். ரெஷாது கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். இரண்டாவது சுற்றும் வாங்கிக் குடித்தார்.

"வேற வழி தோணுனா சொல்லுன்னேன். சொல்லவே இல்லையேடா."

"சொன்னா நீ சிரிப்பேண்ணே."

"இப்பவும் சிரிப்புதான் வருது" என்று ரெஷாது கிண்ணத்தைத் தம்பியிடம் நீட்டினார். "வேணாம்னு நூரிதுகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ ஊத்து."

பரக்கத்து, அதாவது ஆசி, என்று நாங்கள் சொல்கிற மூன்றாவது சுற்றுக்குத் தமாம் கூஜாவை எடுத்தார். அப்போதுதான் ஞாபகம் வந்தவராக ஸித்தினாவைப் பார்த்துப் பதறினார்.

"நேத்து மெரீமா வீடுன்னா, இன்னைக்கு உன் முறைதானேம்மா? வறுத்து வச்சுட்டு வந்தியா? வீணாப் போயிருமே!"

"ஓட்டை எடுக்கப் போனேண்ணே. உங்க வீட்டு வாசனை வந்துச்சு, அப்படியே வச்சிட்டு வந்துட்டேன்" என்றாள் ஸித்தினா. "என் முறை நாளைக்குத்தானே? மெரீமா வீட்டுக்கு அடுத்தது உங்க வீடுதானே அண்ணே."

தமாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கூஜாவில் தண்ணீர் ஊற்றித் தணல் மேல் வைத்தார்.