மகளின் பந்துக்கு வந்த வேகம்

“…நீங்க சொல்றதும் அவிய சொல்றதும் ஒண்ணுதான்ப்பா. ஆனா அவிய சொன்னாத்தான் மண்டையில ஏறுது” என்றாள் மகள், பைக்கின் பின்னால் உட்கார்ந்துகொண்டு. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். நான் வண்டியைக் கொஞ்சம் முறுக்கினேன்.

‘அவிய’ என்றால் என் பள்ளித் தோழன். மில் வேலை முடிந்த கையோடு பிள்ளைகளுக்குப் பேஸ்பால் சொல்லிக்கொடுக்கிறான். மகள் பந்தெறிகிறவள், பிட்சர். மாவட்ட அணித் தேர்வு நெருங்கிவிட்டது. அன்று எறிகிற பந்தைப் பிடித்துக்கொடுக்கப் பிள்ளையோடு ஒருத்தர்தான் மைதானத்துக்குள் போகலாம். அது நானா, அவனா?

அவனிடம் போகும்வரை நான்தான் அவளுக்குக் கோச். போனில் வீடியோ பார்த்துப் படித்த கோச். பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்க்கிறவன் இல்லையா, கழித்துப் போட்ட துணியை இறுக்கிச் சுற்றி, தண்ணீரில் முக்கி, உருண்டையாக்கி எறியச் சொல்வேன். கனத்தை எறிந்து பழகினால் பந்து பறக்கும் என்பது என் நினைப்பு. பறக்கவில்லை. மனசைக் கல்லாக்கிக்கொண்டு அவனிடம் கூட்டிப்போனேன்.

முதல் நாளே, நாங்கள் கொண்டுபோன துணி உருண்டையைத் தூக்கிப் பார்த்தான். “ஏலே, இது பந்தா, பரோட்டா மாவா? புள்ள முழங்கை என்னத்துக்கு ஆகும்?” மற்றப் பெற்றோர் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள். அதுதான் சுட்டது.

அவளிடம் அவன் சொன்னது இவ்வளவுதான்: “காலை நல்லா எட்டி வையி தாயி. இடுப்பு மொதல்ல திரும்பட்டும், கை பொறவு வரட்டும். வலிச்சா அன்னைக்கு லீவு.” காலை எட்டி வை என்று நான் தொண்டை வற்றக் கத்தியிருக்கிறேன். “சரிப்பா” என்பாள், செய்யமாட்டாள். அவன் சொன்னான், செய்தாள். சில வாரங்களில் பந்து கிளவுஸில் விழும் சத்தமே மாறிப்போனது. எல்லாரும் அவனுக்குக் கைகொடுத்துப் பாராட்டினார்கள். பெற்றவன் நான், பேர் அவனுக்கு! இந்த வயிற்றெரிச்சலை வயிற்றுக் காந்தல் என்பார்கள் எங்கள் பக்கம். மோர் குடித்தால் ஆறுகிற காந்தல் இல்லை அது.

வழியில், வன்னியம்பட்டிக்கு ரோடு பிரிகிற விலக்கில் டீக்கு நிறுத்தினேன். அதற்குமேல் அடக்க முடியவில்லை.

“அப்ப செலக்‌ஷனுக்கு அவனையே கூட்டிட்டுப் போ. உள்ள நின்னு பந்து பிடிக்கவும் அவனே இருக்கட்டும். நான் டிரைவர்தான? வாசல்ல நிக்கேன்.”

டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவியபடி, “அண்ணாச்சிக்குச் சீனி கூடப் போடவா? மூஞ்சியில கசப்பு வழியுதே” என்றார்.

மகள் சிரிக்கவில்லை. பையிலிருந்து, பந்து பிடிக்கிறவர் போடும் கேட்சர் கிளவுஸை எடுத்து என் கையில் மாட்டினாள். கடைக்குப் பின்னாலிருந்த வெறுந்தரையில் அடி வைத்துத் தூரம் அளந்தாள். நான் குத்தவைத்து உட்காரும்வரை பொறுத்திருந்து, அவன் சொல்லிக்கொடுத்தபடியே காலை எட்டி வைத்து, என் நெஞ்சுக்கு நேராகப் பந்தை எறிந்தாள்.