மார்வின் வீட்டு ஸ்கவுட்

எங்கள் தெருவில் யார் வீட்டுக் கொட்டகையில் எது துருப்பிடிக்கிறது என்பது வெண்டல் ஸ்ட்ரோமுக்கு அத்துப்படி. பழைய ஜீப் ஒன்று கண்ணில் பட்டால் போதும், கதவைத் தட்டி "விக்கிறீங்களா?" என்று கேட்டுவிடுவார். ஆள் இல்லையென்றால் வைப்பரில் சீட்டைச் செருகிவிட்டு வருவார். இண்டியானாவில் நாங்கள் எல்லோருமே கொஞ்சம் அப்படித்தான். ஆனால் வெண்டலுக்கு வெட்கம் என்பது பிறவியிலேயே கிடையாது.

மார்வின் கெர்பரின் கராஜ் திறந்திருந்த ஒரு நாள், உள்ளே ஸ்கவுட் நிற்பதை அவர் பார்த்துவிட்டார். அறுபதுகளில் எங்கள் ஊர்த் தொழிற்சாலையில் செய்த ஜீப் அது. மார்வின் அங்கே கதவு மாட்டிய ஆள். "நான் செஞ்ச வண்டிய நானே விப்பேனா? போய்யா" என்று சிரித்தே அனுப்பிவிட்டார்.

அடுத்த குளிர்காலத்தில் மார்வினுக்குக் கணையத்தில் புற்றுநோய் வந்தது. அன்றிலிருந்து வெண்டலைப் போல நல்லவர் தெருவிலேயே இல்லை. வாசலில் பனி அள்ளினார். கோழியும் நூடுல்ஸும் சமைத்துக் கொண்டுவந்தார். பைபிள் வாசித்தார். மார்வினின் மனைவி லோரீன் உருகிப்போனாள். "அந்த ஆளு கண்ணு கராஜ் மேலதான்டி இருக்கு" என்று எதிர்வீட்டுக்காரியான நான் சொன்னதற்கு என்னைத்தான் திட்டினாள்.

மார்ச்சில் மார்வினால் எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. லோரீன் சூப் ஊட்டிக்கொண்டிருக்கும்போதே வெண்டல் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கேட்டார்.

"சாவி எங்க மார்வின்? சும்மா நின்னா பேட்டரி போயிடும். அப்புறம், வண்டி எனக்குத்தான்னு இவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு. பின்னாடி சிக்கல் வரக்கூடாது பாரு."

மறுக்கக்கூடத் தெம்பில்லாமல் மார்வின் சாவியைக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் கராஜில் ஸ்கவுட் உறுமியது. வெண்டல் ஹாரனை வேறு அடித்துப் பார்த்தார். மார்வின் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"என்னை இன்னும் பொதைக்கலையே லோரீன்."

சூப் அப்படியே ஆறியது. ஈஸ்டருக்கு முன்பே அவர் போய்ச் சேர்ந்தார்.

அடக்கம் முடிந்து தேவாலயத்தில் ஹாம் சாண்ட்விச் சாப்பிடும்போதே வெண்டல் வண்டிப் பேச்சை எடுத்தார். லோரீனின் முகம் மாறவில்லை. "ஜூலையில மாவட்டக் கண்காட்சிக்கு வாங்க வெண்டல். வண்டி அங்க வரும். முன்வரிசையில உங்களுக்கு இடம் பிடிச்சு வைக்கிறேன்."

பழைய வண்டிகளின் அணிவகுப்பில் ஊரறியத் தன் கையில் சாவியைக் கொடுக்கப்போகிறாள் என்று நினைத்து, வெண்டல் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

அன்று நடந்ததோ வண்டியோடு வண்டி மோதி நொறுக்கும் பந்தயம். கண்ணாடிகளைக் கழற்றி, கதவுகளைச் சங்கிலியால் கட்டி, சேற்றில் ஸ்கவுட் இறங்கியது. ஓட்டியவன் லோரீனின் அண்ணன் மகன். "ஐயோ, நிறுத்துங்கப்பா!" என்று வெண்டல் எழுந்தார். "உக்காருய்யா, மறைக்குது" என்று பின்னாலிருந்து அதட்டினார்கள். முதல் மோதலிலேயே முன்பக்கம் அப்பளமாக நொறுங்கியது.

வெண்டல் வாய்விட்டு அழுதார். "ஏன் லோரீன்? மார்வின் உசுரா வச்சிருந்த வண்டியாச்சே!"

"ஆமா. அவரு பாத்துக்கிட்டு இருக்கும்போதே நீங்க எடுத்துக்கிட்டீங்க. நீங்க பாத்துக்கிட்டு இருக்கும்போதே போகட்டும்னுதான் முன்வரிசை."

சொல்லிவிட்டு அவள் மருமகனைப் பார்த்து, "இன்னொரு தடவை இடிடா!" என்று கத்தினாள். நானும் சேர்ந்து கத்தினேன்.