ஜெயபால் அங்கிள் வயிற்றில் வைத்திருந்த சாக்ஸ்

ஜெயபால் அங்கிள் போய்விட்டார். இன்று காலை... ஹார்ட் அட்டாக்.

சிட்னி மெரிலேண்ட்ஸில் நான் சனிக்கிழமைகளில் பில் போடும் மளிகைக் கடையில், ஃப்ரீசர் ரூம் அவர் பொறுப்பு. உங்கள் வீட்டு ஃப்ரோசன் பரோட்டாவை அடுக்கியவர் அவர்தான்.

நான் ஃபேஸ்புக்கில் எழுதுவதே இல்லை. ஆனால் நம் தமிழ்ச் சங்கத்தின் அஞ்சலி இங்கேதான் இருக்கிறது. "பனிமலைக் கோட்டையில் தனி ஆளாகப் பகைவரை அழித்த சிங்கம்." கீழே வரிசையாகக் கைகூப்பும் எமோஜிகள்.

எழுதியவர் சங்கச் செயலாளர். என் அப்பா. பக்கத்து அறையில் தூங்குகிறார்.

வெள்ளிக்கிழமை இறுதிச் சடங்கில் அதை வாசிக்க வேண்டியவள் நான். சங்கத்தில் மைக் என்றால் எப்போதும் நான்தான்.

கடையில் என் முதல் நாள், அவர் சட்டைக்குள் ஏதோ புடைத்திருந்தது. "என்ன அங்கிள், சமோசாவ சுட்டுட்டீங்களா?" என்று கேட்டேன்.

"சாக்ஸும்மா. உடம்புச் சூட்டுல காயட்டும்னு."

இந்திய ராணுவத்தில், மலைச் சண்டைக்கென்றே பொறுக்கி எடுத்த கமாண்டோ பிரிவில் இருந்தவர். பனியில் சாக்ஸ் ஈரமானால் கால் போய்விடுமாம். ஒரு ஜோடி காலில், ஒரு ஜோடி வயிற்றில். சிட்னிக்கு வந்தும் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

போன பொங்கல் விழாவில் அப்பாதான் அவரை மேடை ஏற்றினார். அங்கிளுக்குக் கை நடுங்கும். அதனால் மைக்கை நான் பிடித்திருந்தேன்.

"நல்ல பனிக்காலம். மலை உச்சியில பங்கர் கட்டி அவங்க உக்காந்திருந்தாங்க. நாங்க கயித்துல ஏறுனோம். கயிறே கம்பி மாதிரி வெறச்சுப் போச்சு. நாங்களும் சுட்டோம், அவங்களும் சுட்டாங்க. என்கூட ஏறுன முருகேசன் பாதியிலயே போயிட்டான்."

ஹால் முழுக்கக் கைதட்டல். அங்கேயே நிறுத்தியிருந்தால் எல்லோருக்கும் சந்தோஷம்.

"மேல போனா, பங்கருக்குள்ள அவங்க ஆளு ஒருத்தன் உயிரோட இருந்தான். சின்னப் பையன். துப்பாக்கியக் கீழ போட்டுட்டான். பூட்ஸ் கிழிஞ்சு, காலு கறுத்துப் போயிருந்துச்சு. என் வயித்துல இருந்த சாக்ஸ எடுத்து மாட்டிவிட்டேன்."

பின்வரிசையிலிருந்து ஒருவர், "இதுக்கா அங்கிள் மெடல் குடுத்தாங்க?" என்றார். சிரித்தார்கள்.

"மெடல் எல்லாம் இல்ல தம்பி. கால்விரல் ரெண்டு போச்சு. மாத்திக்க எனக்கு வேற சாக்ஸ் இல்ல."

முன்வரிசையில் அப்பா கையைக் கழுத்துக்குக் குறுக்கே இழுத்துக் காட்டினார்... கட் பண்ணு. நான் மைக்கை எடுக்கவில்லை.

காரில் திட்டு. "அவர்தான் எதிரிக்குப் பரிஞ்சு பேசுறாருன்னா, நீயும் மைக்கப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற." மறுநாள் அங்கிளை வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை அவர் கேட்டார். "அந்தப் பையன் பொழச்சானான்னு ஒருத்தர்கூடக் கேக்கலையேம்மா?"

நான் கேட்டேன்.

"தெரியலம்மா. ஸ்ட்ரெச்சர்ல கீழ கொண்டு போனாங்க. போறப்ப என் சாக்ஸ் போட்டிருந்தான்."

இப்போது அவர் சிங்கமாம். தனி ஆளாம்... அப்படியென்றால் முருகேசன் யார்?

சாப்பிடும்போது அப்பாவிடம் அந்த வரியை மாற்றச் சொன்னேன். "செத்தவரப் பெருமையாத்தானே எழுதியிருக்கேன்? நீ வாசிச்சாப் போதும்" என்றார்.

வெள்ளிக்கிழமை மைக் என் கையில்தான் இருக்கும். அந்த வரியை வாசிக்க மாட்டேன். முருகேசனைச் சொல்வேன். அந்தப் பையனைச் சொல்வேன். சாக்ஸைச் சொல்வேன்.

பயமாகத்தான் இருக்கிறது. விடிந்ததும் அப்பா இந்தப் போஸ்ட்டைப் பார்ப்பார். என் ஃபோனைப் பிடுங்கிவிடுவார். ஸ்கிரீன்ஷாட் எடுத்து இப்போதே அவருக்கு அனுப்புகிறவர்கள் அனுப்பலாம். நான் டெலீட் பண்ண மாட்டேன்.

கால் நனையாமல் போய் வாருங்கள், அங்கிள்.