பாவ்ஜூவின் ரப்பர்

"ஏன் அழகா, இதையெல்லாம் நீ சாப்பிடப் போறியா, இல்ல உன் தொப்பையா?"

ஐந்தாம் மேசைக்காரர் பென்சிலால் குறி போட்டுக் கொடுத்த சீட்டை பாவ்ஜூ வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறாள். பெரிய கிண்ணம் பன்றிக்கறிச் சோறு, பொரித்த விலா எலும்பு, குடல் சூப். ஏப்ரன் பையிலிருந்து ரப்பர் வெளியே வருகிறது. பெரிய கிண்ணம் சின்ன கிண்ணமாகிறது. குடல் சூப் காணாமல் போகிறது. சர்க்கரைவள்ளிக் கீரைக்கு எதிரே புதிதாக ஒரு குறி. தூளை ஊதிவிட்டு, சீட்டைச் சமையல்கட்டுச் சன்னலில் செருகிவிட்டு, அடுத்த மேசைக்குப் போய்விடுகிறாள். ஐந்தாம் மேசைக்காரர் ஆட்சேபிக்க வாயைத் திறப்பதற்குள் கீரை வந்து சேர்கிறது.

தைவானின் ஜியாயி நகரில், சந்தைக்குப் பின்சந்தில் லாய் முதலாளியின் கடை. எட்டு மேசை. பாவ்ஜூவுக்கு வயது ஐம்பத்து நான்கு, கடைக்கு வந்து பதினொரு வருடம். ஒரு கையில் நான்கு கிண்ணம், மறுகையில் துடைக்கும் துணி, வாயில் எந்நேரமும் யாருக்காவது ஒரு திட்டு. பொய்ப்பல் கட்டிய எண்பது வயதுக்காரரும் அவளுக்கு 'அழகா'தான், அவருடைய கொள்ளுப்பேத்தியும் 'அழகி'தான். ஒருவர் பெயரும் தெரியாது. ஆனால் யாருக்குச் சர்க்கரை, யாருக்குக் கொதிப்பு, யாருக்கு எங்கே கல் என்பது அத்தனையும் மனப்பாடம்.

"ஆ-ஷெங்! மூணாம் மேசைக்கு மிளகா போடாத, அழகனுக்கு மூலம்!"

மூன்றாம் மேசை அழகன் அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒரு பெண்ணை அழைத்து வந்திருந்தான். அதன்பின் அவன் முகம் கிண்ணத்தை விட்டு மேலே எழவேயில்லை.

செவ்வாய்க்கிழமை பாவ்ஜூவுக்கு விடுமுறை. செவ்வாயன்றுதான் கடையில் கூட்டம் தாங்காது. பன்றிக்கால் பதினொன்றரை மணிக்கே தீர்ந்துவிடும். புதனன்று காலையில் அவள் வெறும் சட்டியை எட்டிப் பார்ப்பாள், பிறகு உள்ளே வருகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்ப்பாள். டயர் கடைக்காரர் அவள் கேட்பதற்கு முன்பே, "நான் டோஃபுதான்க்கா சாப்பிட்டேன்" என்பார்.

அவள் சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும். சோற்றின்மேல் இரண்டு கரண்டி கொழுப்புக் குழம்பு, இரண்டு முட்டை, நின்றபடியே நான்கு வாய். கீரை? "எனக்கு எதுக்கு? நான் நல்லாத்தானே இருக்கேன்!"

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் தைப்பேயிலிருந்து வந்த ஒரு ஆள், பாகற்காய் சூப்பைக் குடித்துவிட்டுப் போய், இணையத்தில் கடைக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டான். 'சோறு அருமை. நான் கேட்டது பன்றிக்கால். பரிமாறும் அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாகற்காய் கொடுத்தார்.'

லாய் முதலாளி அதைப் படித்தார். போனைச் சட்டைப் பையில் போட்டார். மறுநாள் மேசைகளில் புதுப் பென்சில்கள் இருந்தன. ஒன்றின் முனையிலும் ரப்பர் இல்லை.

"மூணு நாளா முதலாளி எங்கிட்ட பேசல. நேத்து ஒரு 'ம்' சொன்னாரு. இன்னிக்கி அதுவும் இல்ல" என்றாள் பாவ்ஜூ, சன்னலுக்குள் தலையை நீட்டி.

"நீ அந்த ரப்பரைத் தூக்கிப் போடேன்க்கா" என்றான் சமையற்காரன் ஆ-ஷெங்.

"அதுக்கு அவங்க ஒழுங்கா குறி போடணும்ல?" என்றவள் குரலைத் தாழ்த்தினாள். "இந்த வயசுல என்னை வேற எவன்டா வேலைக்கு வச்சுக்குவான்?"

அன்றைக்குச் சந்திர நாட்காட்டியில் பன்னிரண்டாம் மாதம் பதினாறாம் தேதி. முதலாளிமார் வேலையாட்களுக்கு வருஷ விருந்து வைக்கும் நாள். விருந்தில் முழுக்கோழி வரும். கோழித்தலை யாரைப் பார்க்கிறதோ அவருக்கு வருகிற வருஷம் வேலை இல்லை. இதையெல்லாம் இந்தக் காலத்தில் யார் நம்புகிறார்கள் என்று எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே கோழியின் கழுத்து எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்வார்கள்.

மதியக் கூட்டம் கலைந்ததும், சுழல்தட்டு வைத்த வட்டமேசையில் நான்கு பேரும் உட்கார்ந்தார்கள். முதலாளி, ஆ-ஷெங், பாத்திரம் கழுவும் மெய்ஃபாங், முதலாளிக்கு நேரெதிரே பாவ்ஜூ. வருஷாவருஷம் போல அவளே கோழியைக் கொண்டுவந்து, தலையை முதலாளி பக்கம் திருப்பி வைத்தாள். பன்றிக்கால் தட்டை மட்டும் அவர் கைக்கு எட்டாதபடி சுழல்தட்டில் தன் பக்கமாக வைத்துக்கொண்டாள். முதலாளிக்கு யூரிக் ஆசிட்.

முதலாளி கோழியைப் பார்க்கவில்லை. கண்ணெல்லாம் எதிர்ப்பக்கம். சுழல்தட்டின் விளிம்பில் கை வைத்து ஒரே தள்ளு. பன்றிக்கால் அரைவட்டம் போய் அவர் முன்னால் நின்றது. கோழித்தலை அரைவட்டம் வந்து பாவ்ஜூவைப் பார்த்து நின்றது.

மெய்ஃபாங்கின் சாப்பாட்டுக் குச்சியிலிருந்து மீன் உருண்டை நழுவி உருண்டது. யாரும் அதை எடுக்கவில்லை.

பாவ்ஜூ கோழியைப் பார்த்தாள். கோழியும் பாவ்ஜூவைப் பார்த்தது. அவள் ஏப்ரன் முடிச்சை மெதுவாக அவிழ்த்தாள், எழுந்தாள். அப்போதுதான் முதலாளியின் கிண்ணம் கண்ணில் பட்டது. உள்ளே பெரிய துண்டு, தோலும் கொழுப்புமாக.

மேசையைச் சுற்றிப் போய், அவர் வாய்வரை போன துண்டைக் குச்சியோடு பிடித்து இழுத்துத் தட்டில் போட்டாள். கிண்ணம் நிறையக் கீரையை அள்ளி வைத்தாள்.

"வருஷ விருந்துலகூட விடமாட்டியா?" என்றார் முதலாளி பரிதாபமாக.

"போன மாசம் பெருவிரல் தக்காளியா வீங்குனப்போ, உங்க செருப்பைக் கையில தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தது யாரு? நாளையிலேருந்து நான் இருக்க மாட்டேன், என்ன வேணா தின்னுங்க. இன்னிக்கி கீரை." திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

"ஏன், நாளைக்கி எங்க போற?"

ஆ-ஷெங் முகவாயால் கோழியைக் காட்டினான். முதலாளி கோழியின் வாலைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், அது நீண்டிருந்த திசையைப் பார்த்தார்.

"அட கடவுளே! நான் பன்றிக்காலுக்குத்தானே சுத்துனேன்!"

"அப்ப மூணு நாளா ஏன் பேசல?"

"அந்த ஒத்தை நட்சத்திரக்காரனுக்குப் பதில் எழுதிக்கிட்டிருந்தேன். எனக்கு எழுத்து லேசுல வருமா?" போனை எடுத்து நீட்டினார். மூன்று நாள் உழைப்பு திரையில் இருந்தது: 'கீரை உடம்புக்கு நல்லது.'

"அந்தப் பென்சிலு?"

"அது கடையில அப்படித்தான் இருந்துச்சு."

சொல்லிவிட்டு முதலாளி ஒரு வாய்க் கீரையை மென்று விழுங்கினார். பிறகு ஒற்றை விரலால் சுழல்தட்டைத் தள்ளினார். கோழித்தலை அரைவட்டம் போய் அவரையே பார்த்து நின்றது. பன்றிக்கால் அரைவட்டம் வந்து பாவ்ஜூ முன்னால் நின்றது.

பாவ்ஜூ ஏப்ரனை மறுபடி இறுக்கி முடிந்தாள். பன்றிக்கால் தட்டை இரண்டு கையாலும் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.