பாய்மரத்துக்கு நாலு எலுமிச்சம்பழம்

எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் மலையிறங்கி அரை நாள் போக வேண்டும். அப்படிப்பட்ட இடத்துக்கு ஒரு பாய்மரப் படகு ஏறி வந்தது. மலைப்பாதையின் கியா பார்ம் வளைவில் அது திரும்ப முடியாமல் நின்றதில், பின்னால் காய்கறி லாரிகள் வரிசை கட்டிவிட்டன. முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு அந்த வரிசையில் மாட்டிய அப்பா, வீட்டுக்கு வந்து படகு என்ற சாதியையே திட்டித் தீர்த்தார்.

படகு தோட்டத்து மேலாளரான துரையுடையது. ஓய்வு பெற்றதும் மலையடிவாரத்துக்கு அப்பால் லுமுட் கடலில் சவாரி போவதற்காகப் பழைய படகொன்றை வாங்கி, நான்கு டயர் வண்டியில் வைத்து மேலே கொண்டுவந்திருந்தார். அதன் முன்பாயை விரிக்கவும் மடக்கவும் ஒருவர் படகின் மூக்கு வரை போய் நிற்க வேண்டும். துரைக்கோ மூட்டுவலி. உட்கார்ந்த இடத்திலிருந்து கயிற்றை இழுத்தால் பாய் கம்பியைச் சுற்றிச் சுருண்டுகொள்ளும் ஒரு கருவியை வாங்கி, அதைப் பொருத்தும் வேலையை என் மாமாவிடம் கொடுத்தார். மாமா, அம்மாவின் தம்பி. தொழிற்சாலையில் கொழுந்து உருட்டும் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர். கடலை அவர் இரண்டு முறை பார்த்திருக்கிறார், இரண்டு முறையும் கரையில் நின்று.

துரையின் சிநேகிதர் ஒருவர், லுமுட்டில் படகுப் பட்டறை வைத்திருப்பவர், வேலையைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. அவருக்குப் பிடித்துவிட்டால் மாமாவைத் தன் பட்டறைக்கே அழைத்துக்கொள்வார். இதைக் கேட்ட நாளிலிருந்து மாமாவின் கால் தரையில் பாவவில்லை. அம்மா ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டார்.

“நீச்சல் தெரியுமாடா ஒனக்கு?”

“நான் என்ன படகா ஓட்டப் போறேன்? ரிப்பேர்தான்க்கா. படகு கரையிலதான் நிக்கும் லா.”

“கரை எதுக்குப் பக்கத்துல இருக்கு?”

மாமா ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். பெற்றோர் போன பிறகு அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தது அம்மாதான். அம்மாவிடம் வாதாடி மாமா ஜெயித்ததாக எனக்கு நினைவில்லை.

அம்மாவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். மலைத் தோட்டத்தில் நிறுத்திய வண்டியின் டயருக்குக் கல் வைப்பது எல்லோரும் செய்வதுதான். அம்மாவுக்கு அது ஒரு பைத்தியம். அப்பா லாரியை நிறுத்தி, பிரேக் போட்டு, கல்லும் வைத்துவிட்டு வந்தாலும், அம்மா போய்க் கல்லைக் காலால் உதைத்துப் பார்த்துவிட்டுத்தான் சோறு போடுவார். ஒரு நாள் டயர் கழற்றிய மோட்டார் சைக்கிளுக்குக்கூடக் கல் வைத்தார்.

மாமா போனில் வீடியோ பார்த்துத் தொழில் கற்றார். தோட்டத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டுமே சிக்னல் கிடைக்கும். அங்கே நின்று பார்த்துவிட்டு, மறப்பதற்குள் படகு நின்ற களத்துக்கு ஓடி வருவார். பாய்மரத்தின் உச்சியிலிருந்து படகின் மூக்குவரை இழுத்துக் கட்டும் முன்கம்பிதான் எல்லாவற்றுக்கும் ஆதாரம். அந்தக் கம்பியில் அலுமினியக் குழாய்களை ஒவ்வொன்றாகக் கோக்க வேண்டும், அடியில் கயிறு சுற்றும் உருளையையும் கோக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் முனையில் கொக்கியைப் பூட்ட வேண்டும். மாமா குழாய்களைக் கோத்தார். கொக்கியைப் பசை போட்டு இறுக்கிப் பூட்டினார். இடுப்பில் கைவைத்து நின்று அழகு பார்த்தார்.

“மாமா, இந்த டின்னு எதுக்கு?” என்று கேட்டேன். உருளை என் காலடியில் கிடந்தது.

மாமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கொக்கியை வெட்டி எடுத்ததில் கம்பி ஒரு சாண் குறைந்துபோனது. துரை முணுமுணுத்துக்கொண்டே வேறு கம்பி வரவழைத்தார். பழைய கம்பி எங்கள் லயத்து வரிசை வீட்டு வாசலில் துணி காயப்போடும் கொடியானது. இன்றுவரை துருப்பிடிக்காமல் அப்பாவின் கால்சட்டைகளைச் சுமந்துகொண்டிருக்கிறது.

பட்டறைக்காரர் வரும் நாள் வந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில், பாய்மரம் நிமிர்த்திய படகு வண்டியோடு நின்றது. களம் சமதளம்தான். ஆனால் அதன் விளிம்பிலிருந்து ஓர் ஆள் ஆழப் பள்ளத்தில் தேயிலை. அதுவரை இந்த வேலையைத் திரும்பிக்கூடப் பார்க்காத அம்மா, அன்று தட்டில் சூடமும் எலுமிச்சம்பழமும் ஏந்தி வந்தார். புது வண்டிக்குப் பூசை போடாமல் நகர்த்தக் கூடாது என்றார். மாமாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அக்காவே ஒத்துக்கொண்டாளே!

பாய்மரத்துக்குச் சந்தனம், குங்குமம், படகின் மூக்குக்கு மாலை. பிறகு அம்மா என்னிடம் நாலு பழங்களைக் கொடுத்தார்.

“டயருக்கு ஒண்ணா வையிடி. கல்ல எடுத்துடு.”

“கல்லு இருக்கட்டுமேம்மா?”

“பூசையில கல்லு ஆகாது. எடுன்னா எடு.”

அப்படி ஒரு சாஸ்திரத்தை நான் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் பத்து வயதில் கிடைத்த பெரிய பொறுப்பு. கற்களைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டுப் பழங்களை வைத்தேன். பூசை முடிந்ததும் அப்பாவின் லாரியில் கட்டி இழுத்துப் பழங்களை நசுக்குவதாகத் திட்டம். அதற்குள் பட்டறைக்காரர், பாயை விரித்துக் காட்டச் சொல்லிவிட்டார். படகுக்குள் நின்ற மாமா கயிற்றை இழுத்தார்.

பாய் அழகாக விரிந்தது. அதே நேரம் மலையிலிருந்து மழைக்கு முந்திய காற்று இறங்கியது. பாய் உப்பியது. சடக் சடக்கென்று எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. தோட்டத்து மக்கள் அனைவரின் முன்னிலையில், கடல் மட்டத்துக்கு எவ்வளவோ மேலே, அந்தப் படகு புறப்பட்டுவிட்டது.

துரை மலாய் மொழியில் கத்தினார், அப்பா தமிழில் கத்தினார். அம்மா தட்டை வீசிவிட்டு, “டேய், என் தம்பிடா!” என்று யாரிடமோ முறையிட்டபடி ஓடிப் படகின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். படகு அவரையும் இழுத்துக்கொண்டு போனது. மாமா மட்டும் கத்தவில்லை. இன்னொரு கயிற்றைப் பிடித்துக் கைமாற்றிக் கைமாற்றி இழுத்தார். பாய் கம்பியைச் சுற்றி எந்தச் சிக்கலும் இல்லாமல் சுருண்டுகொண்டே வந்தது. கடைசி முழமும் சுருண்டபோது, விளிம்புக்கு இரண்டு முழம் முன்னால் வண்டி நின்றது.

பட்டறைக்காரர் கைதட்டினார். வீடு அளவுக்குக் காற்று பிடித்த பாயை இப்படிச் சுருட்டுகிறவனுக்கு வேறு பரீட்சை எதற்கு, திங்கட்கிழமை வந்து சேரட்டும் என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, கல்லை எடுத்தது யார் என்று கேட்டார். நான் பெருமையாகக் கையைத் தூக்கினேன். எல்லோரும் சிரித்தார்கள். மாமா என்னைப் பார்க்கவில்லை. தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தார்.

திங்கட்கிழமை காலை மாமா பையுடன் கிளம்பினார். வாசலில் நின்ற அப்பாவின் லாரிக்குப் பக்கத்தில் போய், டயருக்கு வைத்திருந்த கல்லைக் காலால் உதைத்துப் பார்த்தார்.

“கல்லு பத்திரம்க்கா. பூசைக்குன்னு எடுத்துடாத லா.”

அம்மா கொடியிலிருந்த ஈரத் துண்டை உருவி அவர் முதுகில் ஓங்கி ஓர் அடி அடித்தார். மாமா சிரித்தார், அம்மாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்த அம்மா அதே துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விக்கி விக்கி அழத் தொடங்கினார்.

ஒரு கல்லுக்காகவா இப்படி அழுவார்கள் என்று எனக்குத் தோன்றியது. நான் ஓடிப்போய் இன்னொரு பெரிய கல்லைத் தூக்கி வந்து லாரி டயருக்கு வைத்தேன். “பாரும்மா, ரெண்டு வெச்சிட்டேன். இனிமே எங்கேயும் போவாது” என்றேன். அம்மாவின் அழுகை இன்னும் கூடிவிட்டது.