மருந்து என்றால் வாயை மூடிக்கொள்வார்

என் அக்கா சந்திரவல்லி ஒழுங்காகத் தூங்கிப் பல நாளாகிவிட்டது. மச்சான் கன்னையனுக்கு மூளையில் ரத்தக் கசிவு; ஒரு தடவை வலிப்பும் வந்திருந்தது. போடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கிடந்தார். மாத்திரையைத் துப்புவார், ஊசியைப் பிடுங்குவார். மறுபடி வலிப்பு வந்தால் உயிர் தங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நர்ஸ் பவித்ரா வந்து, "ஐயா, மருந்து" என்றதும் மச்சான் போர்வையை இழுத்து மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வார்.

"காத்து நம்ம பக்கம் திரும்புது. மூஞ்சியில்லாத பயலுக நிக்கிறானுக. வெரசா ஓடு, வல்லி!"

அவர் காட்டிய இடத்தில் சுவர்தான் இருந்தது.

"காத்து கருப்பு அடிச்சிருச்சு. ராசிங்காபுரத்துக் கோடாங்கியைக் கூட்டியாரவா?" என்றேன்.

"வந்தா மொதல்ல ஒன்னையத்தான் ஓட்டுவான்" என்றாள் அக்கா. வீட்டுக்குப் போய்ப் படு என்றாலும் கேட்கவில்லை. "நான் கண்ணசந்தா இவரு கையைக் கட்டிப்புடுவாக."

அதுதான் நடக்கவிருந்தது. கையைக் கட்டி ஊசி போடுவது என்று முடிவாகிவிட்டது.

அன்று மத்தியானம் கரண்ட் இல்லை. அக்கா திடீரென்று எழுந்தாள். மச்சான் காட்டுவாரே, அதே சுவரைப் பார்த்தாள்.

"தம்பி, உஸ்ஸுனு கேக்குதா?"

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"வரிசையா நிக்கிறாக. மூஞ்சில துணி. முதுகுல டப்பா."

படுத்திருந்தவர் சுவரைப் பார்த்து மெல்லத் தலையாட்டினார்.

அந்த நேரம் பார்த்து பவித்ரா முகமூடியும் கையுறையுமாக, கட்டுத்துணியோடு உள்ளே வந்தாள். அக்கா அவளையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தாயி, மூஞ்சித் துணியை எறக்கு. மருந்துன்னு சொல்லாத."

"கட்டச் சொல்லிருக்காங்க, அம்மா."

"கட்டுறதுக்கு முந்தி ஒரு தடவை கேளு. மேல மலையில ஏலக்காத் தோட்டத்துல மருந்துன்னா பூச்சிக்கு அடிக்கிறது. ஆயுசு பூரா அடிச்ச மனுசன். நீ மூஞ்சிய மூடிட்டு வந்து மருந்துங்கிற. குடிப்பாரா?"

பவித்ரா முகமூடியை இறக்கினாள். "அப்பா, மாத்திரை."

மச்சான் அவள் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார்.

கட்ட வேண்டாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

அக்கா என் கையைப் பிடித்தாள். விரல்கள் சில்லென்றிருந்தன.

"அவுக இன்னும் போகல, தம்பி. எனக்குத் தெரியுறாக. எனக்குத் தூக்கம் வேணும்."

இத்தனை நாளில் தனக்கென்று அவள் கேட்டது அது ஒன்றுதான். தரையில் பாயை விரித்துக் கொடுத்தேன். படுத்ததும் கண் சொருகிவிட்டது. நாற்காலியை அவளுக்கும் அந்தச் சுவருக்கும் நடுவே இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.