மிலூத் நிறுத்திய பாட்டு

எங்கள் மெதியோனி பேட்டையில் பாட்டுக் கேட்க வருகிறவர்கள் பாடகர் பெயரைச் சொல்ல மாட்டார்கள், மாப்பிள்ளை பெயரைத்தான் சொல்வார்கள். "கறிக்கடைக்காரர் மகன் கல்யாணத்துல பாடினது இருக்கா?" என்பார்கள். இருக்கும். கடலோர ஓரான் நகரத்துக் கல்யாணங்களில் பாதி என் தம்பி காலெமிடம் பதிவாக இருக்கிறது.

அவன் பாடகன் இல்லை. மேடைக்குப் பக்கவாட்டில் ஒலிப்பெட்டியோடு உட்கார்கிறவன். ஒரு வயரையும் தரையில் சுருண்டு கிடக்க விடமாட்டான். ஒருவர் பாடிய மைக்கை அடுத்தவரிடம் கொடுக்கும் முன் துணியால் துடைப்பான். மணப்பெண் உடைகளுக்கு மணி தைத்துப் பிழைக்கிறவள் நான். வேலைச் சுத்தம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். அவனைப் போல ஒலி அமைக்கிறவன் இந்த ஊரில் இல்லை. அக்கா என்பதால் சொல்லவில்லை. சரி, அதற்காகவும்தான்.

எங்கள் கல்யாணங்களில் பாட்டு ஒரே மூச்சில் ஓடாது. மேடையில் வாழ்த்துக் கூவுகிறவர் ஒருவர் இருப்பார். யாராவது எழுந்து அவர் கையில் தினார் நோட்டைத் திணிப்பார். பாட்டு நிற்கும். "இன்னார் தன் சிநேகிதனுக்கும் அவன் தெருவுக்கும் சொல்லும் வாழ்த்து!" என்று அவர் முழங்குவார். பெயர் சொல்லப்பட்டவர் எழுந்து கையைத் தூக்குவார். அப்புறம்தான் பாட்டு தொடரும். வாங்கிய வாழ்த்தைத் திருப்பிச் சொல்லாமல் வீட்டுக்குப் போகிறவனுக்கு மரியாதை இல்லை.

எங்கள் கடைக்குட்டி மிலூத் இந்த விளையாட்டில் மன்னன். அவன் கடைசியாகப் போன கல்யாணத்துக்கு நான் போகவில்லை, தைக்க வேலை இருந்தது. அவன் காதில் சொல்லச் சொல்ல, கூவுகிறவர் முழங்கினார்: "தையல் மெஷினை விட்டு எழுந்து வராத முக்தாரியாவுக்குத் தம்பி மிலூத்தின் வாழ்த்து!" பாட்டு தொடங்கியதும் மறுபடி நிறுத்தினான்: "வயருக்கு நடுவுல மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டு உக்காந்திருக்கிற காலெமுக்கு!" மறுபடியும் நிறுத்தினான். பாடகர் பல்லைக் கடித்தாராம். மைக்குக்குப் பக்கத்தில் நின்று மிலூத் சிரித்த சிரிப்பு அப்படியே பதிவாகியிருந்தது.

அதற்கடுத்த வாரம் அவன் சிநேகிதர்களோடு ஒரு சின்னப் படகில் ஸ்பெயின் பக்கம் கிளம்பினான். படகு கரை சேர்ந்தது என்றும் செய்தி வரவில்லை, சேரவில்லை என்றும் வரவில்லை. எங்களுக்கு மிஞ்சியது அந்தச் சிரிப்புதான். ஒவ்வொரு பெருநாள் காலையிலும் நான் காபி போட்டு எடுத்து வருவேன், காலெம் அந்தப் பதிவைப் போடுவான். முடிகிறவரை இருவரும் காபியைத் தொட மாட்டோம்.

போன வசந்தத்தில் அவனுடைய பழைய கணினி மூச்சு வாங்கத் தொடங்கியது. கடனை உடனை வாங்கிப் புது லேப்டாப் எடுத்தான். பழைய பிளேயர் இதில் ஓட மறுத்தது. புதிதாக ஒன்றை இறக்கிப் பாட்டுகளையெல்லாம் அதற்கு மாற்றினான். வேலை முடிந்ததும் என்னிடம் ஓடி வந்தான்.

"அக்கா, இதுக்குக் காது இருக்கு! கேட்டே யாரு பாடினது, என்ன பாட்டுன்னு கண்டுபிடிச்சிடுது. எல்லாத்தையும் பாடகர் பேர்ல அடுக்கிடுச்சு. கொறகொறன்னு இருக்கிறதை எடுத்துட்டு, ஸ்டூடியோவுல பாடின நல்ல பாட்டா வைக்கவான்னு கேட்டுச்சு."

"நீ என்ன சொன்ன?"

"எல்லாத்துக்கும் சரின்னு அமுத்திட்டேன். எவ்வளவு சுத்தமா கேக்குது தெரியுமா!"

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. சுத்தம் என்று சொன்னால் நாங்கள் இருவருமே மயங்கிவிடுவோம். பழைய கணினியை அன்றே பழைய சாமான் வண்டிக்காரரிடம் போட்டான்.

இரண்டு நாள் கழித்து மீன்கடை லக்தர் வந்தார். மகள் நிச்சயத்துக்குத் தன் கல்யாணப் பாட்டையே போட வேண்டுமாம். காலெம் போட்டான். லக்தர் தலையைச் சாய்த்துக் கேட்டார். முகம் மாறியது.

"ஏம்பா, இது யாரு கல்யாணம்?"

"உங்களோடதுதான் அண்ணே. நல்லாக் கேளுங்க, கண்ணாடி மாதிரி இருக்கு."

"என் கல்யாணத்துல இவ்வளவு அமைதியா? எங்க மாமனாரு எங்க? அவரு பாட்டை நிறுத்தி என்னை வாழ்த்தினது, எங்க அண்ணன் அதுக்கு மேல நிறுத்தினது, எங்கேப்பா எல்லாம்? இந்தப் பாட்டை முழுசா நான் இன்னிக்குத்தான் கேக்கறேன்!"

"அது வந்து..."

"மீனைக் கழுவறேன்னு மீனையே தூக்கிப் போட்டிருக்கியே!"

நான் சிரித்தேன். காலெம் சிரிக்கவில்லை. அவசரமாக லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினான். அதைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது.

"மிலூத்தோட பதிவு?" என்றேன்.

அந்தக் கல்யாணத்து மாப்பிள்ளை பெயரைத் தேடினான். மாப்பிள்ளை பெயர்களே இல்லை. அன்று பாடிய பாடகரின் பாட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டான். எல்லாம் ஸ்டூடியோப் பாட்டு. ஒன்றிலும் ஒரு தும்மல்கூட இல்லை. பழைய சாமான் வண்டியைத் தேடி ஓடினான். கணினியைப் பிரித்துத் தகடு தகடாக விற்றாகிவிட்டது.

அதன்பிறகு அவன் சாப்பாட்டை ஒதுக்கினான். நான் ஆசையாக வாங்கி வந்த கடலைமாவுக் கரந்திகா தட்டிலேயே ஆறிப்போனது. மூன்றாம் நாள் லேப்டாப்பைத் திறந்தான்.

"பாடகர் தெரியாதுன்னு ஒரு குவியல் இருக்கு, அழிக்கவான்னு கேக்குது. அழிச்சுத் தொலைக்கிறேன்."

"என்ன இருக்கு அதுல?"

"என்ன இருக்கும், குப்பை."

"தையல் பிரிக்கிறப்ப நான் ஒவ்வொரு மணியா எடுத்துப் பார்த்துட்டுத்தான் போடுவேன். ஒவ்வொண்ணாப் போடு. கேட்டுட்டு அழி."

"உனக்கு வேற வேலை இல்லையாக்கா?"

"இல்லை. போடு."

போட்டான். மைக் சோதித்த சத்தம் வந்தது. ஜெனரேட்டர் இரைச்சல் வந்தது. பெண்களின் குலவை, யாரோ குழந்தையின் அழுகை. ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே போனான். பிறகு ஒரு பாட்டு தொடங்கியது. உடனே நின்றது. "தையல் மெஷினை விட்டு எழுந்து வராத..."

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

பாட்டு தொடங்கியது, நின்றது. தொடங்கியது, நின்றது. நடுவில் அந்தச் சிரிப்பு.

"பாட்டு ரெண்டு வரி சேர்ந்தாப்ல ஓடியிருந்தா யாரு பாட்டுன்னு இது கண்டுபிடிச்சிருக்கும் அக்கா," என்றான் காலெம். "எடுத்துட்டும் போயிருக்கும். இவன் எங்க ஓட விட்டான்!" மைக் துடைக்கிற துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

பாடகர் பெயர் என்ன என்று பிளேயர் கேட்டது. அந்த இடத்தைக் காலியாகவே விட்டான். பெயர் வைத்தால் மறுபடி வந்து தூக்கிக்கொண்டு போய்விடும் என்று பயம்.

அந்த வெள்ளிக்கிழமை துறைமுகத் தொழிலாளி ஒருவர் வீட்டுக் கல்யாணம். நானும் போயிருந்தேன். இத்தனை வருட வேலையில் ஒரு பாட்டையும் நிறுத்தாத காலெம், ஒலிப்பெட்டியை விட்டு எழுந்தான். கூவுகிறவர் கையில் நோட்டை வைத்தான். பாட்டு நின்றது.

"யாருக்குப்பா?"

"மிலூத்துக்கு. முக்தாரியாவும் காலெமும் திருப்பிச் சொல்ற வாழ்த்து."

"எந்தத் தெருன்னு சொல்லணும்?"

காலெம் என்னைப் பார்த்தான். "கடலுக்கு அந்தப் பக்கம்னு சொல்லுங்க."

கூவுகிறவர் முழங்கினார். பெயர் சொல்லப்பட்டவர் கை தூக்குவதற்காக, வழக்கப்படி, காத்திருந்தார். பந்தலில் ஒரு கையும் எழவில்லை. காலெம் பெட்டிக்குத் திரும்பினான். பதிவு விளக்கு எரிகிறதா என்று குனிந்து பார்த்தான். கொஞ்ச நேரம் அந்த மௌனத்தையும் பதிவாக விட்டான். பிறகு தாளக்காரருக்குத் தலையசைத்தான். பாட்டு தொடர்ந்தது.